மேல என்று எழுதிய பக்கம்

எங்கள் வீட்டு மாடி ஹாலில் ஓவியக் கண்காட்சி வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் சிவபாலன் கேட்ட முதல் கேள்வி, "வாரவங்களுக்கு வடையா, பிஸ்கட்டா?" என்பதுதான். முப்பது வருடம் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருந்தவர். எந்தச் சரக்கு வந்தாலும் அதை எப்படி இறக்கி எங்கே அடுக்குவது என்று சொல்லிவிடுவார். படம் மட்டும் அவருக்குப் பிடிபடாத சரக்கு. நான் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். செல்வராணி டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம், வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று போல்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். அந்த வாயால் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ஐந்து பேரின் படங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள். நான் படம் வரைகிற அந்த ஹாலைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னல் வெயில் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று யோசிப்பது போலத்தான் இதுவும். ஒரு வங்கி அதிகாரி ஆடுகளாக வரைந்து கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பானுப்ரியா உப்பளம் தவிர வேறு எதையும் வரைவதில்லை. பதினொரு உப்புக் குவியலோடு வந்தவளிடம் ஐந்து போதும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "டீச்சர், என் ஆறு படத்தோட எடத்துல ஒரு ஆளச் சேத்துக்கிடுவியளா?" என்று கேட்டாள்.

அப்படி வந்தவன்தான் கிளைட்டன். முப்பத்தாறு வயது. சங்கு குளிக்கிறவனாக இருந்தவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான மஞ்சள் டியூப் ஒன்று தண்ணீருக்குள் போகும். அந்த டியூபைக் கடித்துக்கொண்டு அடியில் கிடந்து சங்கு பொறுக்குவார்கள். மூன்று வருடத்துக்கு முன் கிளைட்டன் பத்து பாகம் ஆழத்தில் இருந்தபோது கம்ப்ரசர் பெல்ட் அறுந்து காற்று நின்றுவிட்டது. ஒரு பாகம் என்பது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். பத்து ஆள் உயரத் தண்ணீரிலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தான். அப்படி வரக் கூடாது. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே இடது பக்கம் செத்துப்போனது. பானுப்ரியாதான் அவனை மூன்று வருடமாக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை காலை லோடு ஆட்டோவில் அவன் படம் வந்தது. ஆறடிக்கு நாலடி மரைன் பிளைவுட், ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றியிருந்தது. வாக்கரை ஊன்றி ஆட்டோ பக்கத்தில் நின்றவன் மாடிக்கு ஏறி வரவில்லை.

"டீச்சர், சனிக்கெழம காலைல எனக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் முகாம் இருக்கு. மத்தியானம்தான் வருவேன். நீங்களே மாட்டிருங்க. பேரும் நீங்களே வையுங்க. ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"எங்க அண்ணன் வந்து பாக்கணும். அவன் பாக்கலன்னா நான் படத்தத் தூக்கிட்டுப் போயிருவேன். வேற யாரும் பாக்கணும்னு இல்ல."

அண்ணன் பாஸ்கல்தான் அன்றைக்கு வள்ளத்தில் டியூப் பார்த்துக்கொண்டிருந்தவர். தம்பிக்குக் காற்று நின்ற நேரத்தில் அவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார் என்று திரேஸ்புரம் கரையில் பேச்சு. அதிலிருந்து அவர் தம்பி வீட்டு வாசற்படி ஏறவில்லை. கடலுக்குப் போய்வந்த நாளெல்லாம் தம்பி வீட்டு கேட்டில் ஒரு பை மீனை மாட்டிவிட்டுப் போய்விடுவாராம்.

"மீன் வருது டீச்சர். அண்ணன் வரல," என்றான் கிளைட்டன். "அவன் மேல தப்பு இல்லன்னு எத்தனையோ தடவ சொல்லி விட்டாச்சு. ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நெனைக்கான். அதான் வரஞ்சேன்."

அவன் இவ்வளவு சொல்லியும் படத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத படமா?

மறுநாள் திரேஸ்புரத்துக்குப் போய் பாஸ்கலைப் பார்த்தேன். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலேயே முங்கிக் காதுச் சவ்வு கிழிந்தவர். அதன் பிறகு எப்போதும் வள்ளத்திலேதான் இருப்பார், கடலடிக்குப் போனதே இல்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டே இன்னும் நாலு கொத்துப் பாசியைப் பிய்த்துப் போட்டார்.

"பீடியக் கையில எடுத்தது ஞாபகம் இருக்கு டீச்சர். பத்த வச்சேனா, எத்தன இழுப்பு இழுத்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. பெல்ட்டு எப்ப அறுந்துச்சுன்னும் தெரியல. நான் இழுத்த ஒவ்வொரு இழுப்பும் அவன் மூச்சுல்லா?" பிறகு, "வாரேன். என்னமோ சொல்லணும்னு நெனைக்கான், வையணும்னா வையட்டும்," என்றார்.

வெள்ளிக்கிழமை படத்தைப் பிரித்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. வள்ளத்துக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட். நான்கு ஓரமும் கரும்பச்சை. நடுவே பெரிய வட்டமாக வெளிச்சம். அந்த வட்டத்துக்குள் இருட்டாக ஒரு நீள மேகம், பூவரச இலை மாதிரி ஒரு பக்கம் கூர்ந்து. மேகத்தின் ஓரம் ஓரிடத்தில் புடைத்து, பிய்ந்து தொங்கியது. அந்த இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு கோடு நெளிந்து நெளிந்து படத்தின் விளிம்புவரை வந்தது. மழைக்கு முந்தைய மேகமும் மின்னலும். கடல்காரன் மேகத்தை வரையாமல் வேறு எதை வரைவான்?

படத்தின் முதுகில் நடுவில் பெரிதாக 'மேல' என்று எழுதியிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு இரும்பு வளையம் திருகியிருந்தது.

"எழுத்து நேரா நிக்கிற பக்கந்தான் மேல," என்றார் என் கணவர். முப்பது வருடம் பெட்டிகளின் மேல் அம்புக்குறி பார்த்தவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

"நாலு வளையம் எதுக்கு? சொவத்துல மாட்ட ரெண்டு போதுமே," என்றாள் பானுப்ரியா.

"கடல்காரங்க எதையும் நாலு பக்கமும் கட்டித்தான் பழக்கம். ரெண்டுல மாட்டு," என்று சொன்னது நான்.

ரசமட்டம் வைத்து இம்மி பிசகாமல் மாட்டினோம். தொங்குகிற மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பழுப்புக் கீற்று இருந்தது. தூரிகையிலிருந்து தெறித்த அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. தின்னர் எடுத்து வரச் சொன்னேன். "அவர் படம் டீச்சர், அவர் வந்து பாத்துக்கிடட்டும்," என்று பானுப்ரியா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் சில சமயம் நினைத்துக்கொள்வேன். வெள்ளை அட்டையில் 'மேகமும் மின்னலும்' என்று என் முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பாஸ்கல் வந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்கு வருவது போல வந்திருந்தார். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டார். படத்துக்கு முன்னால் நின்றதும் அவருடைய கண் மஞ்சள் கோட்டிலே போய் நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் விடவில்லை.

"இது மழைக்கு முந்துன மேகம், பாருங்க. இந்த மஞ்சளா வருதே, அது மின்னல். சுத்திக் கரும்பச்சையா இருக்கதால நடுவுல வெளிச்சம் எப்படித் தூக்கிக் காட்டுது பாத்தியளா?" ஆறாம் வகுப்புக்குச் சொல்வது போல் ஐந்து நிமிடம் விளக்கினேன்.

அவர் முகம் மெல்ல மெல்ல இறுகியது. "மேகம் நல்லாத்தான் இருக்கு டீச்சர்," என்றார். படியிறங்கும்போது, "மூணு வருசம் கழிச்சு மேகத்தப் பாக்கவா கூப்பிட்டான்?" என்று தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது. வடைகூடச் சாப்பிடாமல் போய்விட்டார். என்ன மனிதர், கலையை ரசிக்கத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் வேறு.

இரண்டரை மணிக்குக் கிளைட்டன் வந்தான். என் கணவரும் பானுப்ரியாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். சுவரைப் பார்த்தான். அட்டையைப் படித்தான். சிரிக்கப் போகிறானா, அழப்போகிறானா என்று தெரியாத ஒரு முகம்.

"டீச்சர், கடலப் போயி செவுத்துல சாத்தி வச்சிட்டியளே!"

"கடலா?"

"மேலன்னு முதுகுல எழுதியிருந்தேம்லா?"

"அந்தப் பக்கம் மேலதானப்பா இருக்கு," என்றார் என் கணவர்.

"முதுகு மேல இருக்கணும் அண்ணாச்சி. முதுகு மேல, மொகம் கீழ. அடியில மல்லாந்து கெடந்து பாத்தா என்ன தெரியுமோ அத வரஞ்சிருக்கேன். இத முட்டுல, தலைக்கு மேல கூரையில மாட்டணும். படுத்துக்கிட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் நாலு வளையம்."

என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் மேலே என்று பெட்டியில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கூடத் தெரியாமல் முப்பது வருடம் என்னத்தைக் கிளியர் பண்ணினேன் என்று அன்றைக்கு முழுவதும் புலம்பினார்.

கிளைட்டன் என்னைத்தான் பார்த்தான். "அண்ணன் வந்தானா?"

பொய் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. "வந்தார். பாத்தார். மேகம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனார். நாந்தான் மேகம்னு சொன்னேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் வாழ்க்கையில் எத்தனையோ பிள்ளைகளின் படத்தைத் திருத்தியிருக்கிறேன், ஒருவருடைய மூன்று வருடத்தை ஐந்து நிமிடத்தில் அழித்தது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது.

"படத்த எறக்குங்க. வீட்டுக்குக் கொண்டு போறேன்," என்றான்.

"எறக்குறோம். ஆனா வீட்டுக்கு இல்ல. கண்காட்சி நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் முடியுது. அதுவரைக்கும் எனக்கு நேரம் குடு," என்றேன்.

எங்கள் ஹாலின் முட்டில் ஊஞ்சல் மாட்டுகிற வளையங்கள் நான்கு இருந்தன. என் கணவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சங்கிலி, கயிறு, ஏணி எல்லாம் வந்தது. கப்பலில் சரக்குக் கட்டுவதைப் போல அவர் கட்ட, கீழே இருந்து கிளைட்டன் முடிச்சைத் திருத்தினான். எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதில் எனக்குக் குழப்பம் வந்தது. நிற்கிறவர் கண்ணுக்கு அளவு தெரியும். படுத்திருப்பவர் கண்ணுக்கு எது அளவு? கிளைட்டன் தரையில் படுத்துக்கொண்டு, "இன்னும் மேல, இன்னும், நிப்பாட்டுங்க," என்று சொல்லி முடித்தான். பக்கத்து ஃபேனை நிறுத்தினோம். தரையில் பாய் விரித்தோம்.

"மொதல்ல நீங்க படுங்க டீச்சர்," என்றான்.

அறுபது வயதில் வீட்டு ஹாலில் நாலு பேர் பார்க்க மல்லாந்து படுப்பது எனக்குச் சுலபமாக இல்லை. புடவையைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே படுத்து, மேலே பார்த்தேன்.

மூச்சை இழுத்தவள் விடவில்லை. எனக்கு மேலே பத்து பாகம் தண்ணீர் நின்றது. கரும்பச்சைச் சுவர் நான்கு பக்கமும் என்னைச் சூழ்ந்து, எங்கோ மிகவும் உயரத்தில், கிணற்றுக்குள் விழுந்தவள் பார்ப்பது போல் ஒரு வட்ட வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மேகம் இல்லை. வள்ளம். வள்ளத்தின் அடிவயிறு. புடைத்துத் தெரிந்தது ஒரு தலையும் தோளும். பிய்ந்து தொங்கியது தோள்வரை தண்ணீருக்குள் விட்ட ஒரு கை, ஐந்து விரலும் விரிந்து, என்னை நோக்கி. மின்னல் என்று சொன்னேனே, அந்த மஞ்சள் டியூப் நெளிந்து இறங்கி நேராக என் வாய்க்கு வந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, எப்படிச் சொல்வேன், மாதா கோயில் கோபுரத்தடியில் அண்ணாந்து நிற்கும்போது கூட நான் இவ்வளவு சிறியவளாக உணர்ந்ததில்லை. இந்தக் கடலை வருடம் முழுவதும் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன், நூறு தடவை வரைந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது என்னைப் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. எழுந்திருக்க மனம் வரவில்லை. "ஏளா ராணி, என்ன ஆச்சு?" என்று என் கணவர் பதறி, அவரும் பக்கத்தில் படுத்தார். படுத்தவர் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பேசாமல் கிடந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

கடைசியாக அந்தப் பழுப்புக் கீற்று கண்ணில் பட்டது. விரல்களுக்குச் சற்றுக் கீழே, தண்ணீரில் மிதந்துகொண்டு. அது என்ன என்று கிளைட்டனிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு மாதா கோயில் வாசலில் போய் நின்றேன். பாஸ்கல் என்னைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"ஒரு தடவ பாத்தாச்சு டீச்சர். போதும்."

"நீங்க பாக்கல. நாந்தான் பாக்க விடல. படத்தத் தப்பா மாட்டுனது நான். தப்பாச் சொன்னது நான். என் தப்புக்கு உங்க தம்பியத் தண்டிச்சிராதிய." நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள், அது எனக்கே புதிய குரலாகக் கேட்டது.

அவர் நின்றார். "அந்த மஞ்சக் கோட்டப் பாத்ததும் நெஞ்சு திக்குன்னுச்சு. நம்ம டியூப்புல்லான்னு நெனச்சேன். நீங்க மின்னலுன்னுட்டிய."

"டியூப்புதான்," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை வந்தவர்கள் சொல்லிச் சொல்லி, ஊரில் பாதிப் பேர் வந்த மாதிரி இருந்தது. ஒரு நேரத்தில் எட்டுப் பேர் படுக்கலாம்; மற்றவர்கள் படியில் வரிசையில் நின்றார்கள். வங்கி அதிகாரி தன் ஆடுகளை மறந்து மூன்று தடவை படுத்தார். கன்னியாஸ்திரீகள் நான்கு பேர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையாகப் படுத்தார்கள். சிரித்துக்கொண்டே படுத்தவர்கள் எல்லாரும் எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்து, அடுத்தவருக்குக் கை கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். சங்கு குளிக்கிற வீட்டுப் பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்கள்தான் வெகுநேரம் படுத்திருந்தார்கள். தங்கள் வீட்டு ஆண்கள் தினமும் எங்கே போய் வருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

மணி ஐந்து ஆனது. ஐந்தரை ஆனது. கிளைட்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தே முக்காலுக்கு என் கணவர் சங்கிலியைக் கழற்ற ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தினார்.

அப்போது படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. பாஸ்கல். காலையில் போட்டிருந்த அதே சட்டை. ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வந்தவர் மாதிரி வியர்த்திருந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"படுங்க," என்றேன்.

அவர் பாயில் படுத்துக் கண்ணை மேலே தூக்கினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. வலது கை தானாக எழுந்தது. படத்தில் இறங்கி வருகிற அந்தக் கையை நோக்கி, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, தன் கையையே தான் பிடிக்கப் போகிறவர் போல.

"இது நானால?"

கிளைட்டன் வாக்கரைத் தள்ளிவிட்டு, நாற்காலியைப் பிடித்து இறங்கி, தரையோடு நகர்ந்து வந்து அண்ணன் பக்கத்தில் படுத்தான்.

"நீதாண்ணே. காத்து நின்ன ஒடனே மேல பாத்தேன். நீ அதுக்கு முன்னாலயே கையத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டுக் கெடக்க."

பாஸ்கல் தலையை ஆட்டினார், நம்பாதவராக. அவர் கண் வெளிச்ச வட்டத்துக்குள் அங்கும் இங்கும் அலைந்தது. பழுப்புக் கீற்றில் வந்து நின்றது. சுட்டு விரல் மட்டும் அதை நோக்கி நீண்டது.

"ஏலே, அது..."

"பீடிதான். ஏறி வரும்போது என் மொகத்துல வந்து முட்டுச்சு," என்றான் கிளைட்டன். "முழுப் பீடிண்ணே. நுனி கருகவே இல்ல."

பாஸ்கல் வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தார். மூன்று வருடமாகத் தண்ணீருக்குள் இருந்துவிட்டு அப்போதுதான் மேலே வந்தவர் மாதிரி. பிறகு சத்தமாக அழுதார். கிளைட்டன் அவர் தூக்கிய கையைப் பிடித்து இறக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

மணி ஆறு அடித்தது. என் கணவர் ஏணியைச் சத்தமில்லாமல் எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்தார். நான் சுவரில் இருந்த 'மேகமும் மின்னலும்' அட்டையைப் பிய்த்தேன். புதிய அட்டை ஒன்று எடுத்து, 'மேல' என்று எழுதினேன். அதை எங்கே ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் தரையில், அவர்கள் இரண்டு பேரின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.